நாற்பதில் நிறுத்திய மூச்சு

மார்ச் 6
ஐ.சி.யூ.வில் என் பொறுப்பிலிருக்கும் பெயிண்டருக்கு இன்று ரத்தத்தில் கரியமிலவாயு நாற்பது, நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இருக்கவேண்டிய அதே அளவு. அந்தப் பரிசோதனைத் தாளை வைத்து மாணவர்களுக்குப் பாடமே நடத்தலாம், அவ்வளவு அழகு. ஐ.சி.யூ.வுக்கு நினைவில்லாமல் வந்தபோது தொண்ணூறு. வென்டிலேட்டரின் அளவுகளை மாற்றி மாற்றி வைத்து நான்தான் இறக்கினேன். பெரிய டாக்டர்கூடப் பாராட்டினார். நாளை தொண்டையிலிருந்து வென்டிலேட்டர் குழாயை எடுக்கிறோம்.

மார்ச் 7
எடுத்தோம். காலையில் மனைவியோடு வாய் ஓயாமல் பேசினார். மதியம் மூச்சு திணறி, கண் சொருகி... மறுபடியும் குழாய். ஏன்?

மார்ச் 8
காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பல வருடமாகச் சிகரெட்டிலும் பெயின்ட் நெடியிலும் கெட்டுப்போன நுரையீரல். அவருக்கு வீட்டில் இருக்கும்போதே வாயு அறுபதில்தான் நின்றிருக்கும். அந்த வாயுவால் ரத்தத்தில் ஏறும் அமிலத்தை ஈடுகட்ட, அவருடைய சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்கிற காரத்தை வெளியே விடாமல் சேர்த்து வைத்திருந்தன. மற்றவர்களுக்கு இருபத்துநான்கு இருக்கும், அவருக்கு வந்த அன்றே அது முப்பத்தாறு. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாயுவை நாற்பதில் நிறுத்தினேன். இனி இது எதற்கு என்று சிறுநீரகங்கள் சேர்த்ததையெல்லாம் சிறுநீரில் கொட்டிவிட்டன. குழாயை எடுத்ததும் வாயு பழையபடி ஏறியது, தாங்கக் கையிருப்பில் ஒன்றுமில்லை. நுரையீரல் நிமிஷத்தில் மாறும், சிறுநீரகத்துக்கு நாட்கள் வேண்டும். நானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். சீ!

மார்ச் 9
அவர் மனைவி கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்கிறார். உள்ளே போகவில்லையா என்று கேட்டேன்.

"வேணாம் டாக்டர். அன்னைக்கு நான்தான் பேச்சு குடுத்துட்டேன். பேசிப் பேசித்தான் அவருக்கு மூச்சு முட்டிடுச்சு. என்னைப் பாத்தா மறுபடியும் பேசப் பாப்பாரு."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். மீதியை மென்று விழுங்கிவிட்டேன்.

மார்ச் 10
வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவிடுகிறோம். பைகார்பனேட் இருபத்தேழு.

மார்ச் 11
பெரிய டாக்டரிடம் சொன்னேன். "நானும்தான் பாத்தேன், எனக்கும் தோணலையே" என்றார். வீட்டாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அதை ஏம்மா போய்க் கிளறிக்கிட்டு?"

அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததுதான் அசிங்கம். அந்தம்மா இன்னும் வெளியில்தான் நிற்கிறார், நான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய் வருகிறேன்.

மார்ச் 13
அந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்க பேசினதால இல்லம்மா, மெஷினை நான் வெச்ச விதம்தான் தப்பு, என்று. திட்டுவார் என்று நினைத்தேன்.

"இத்தனை நாளா நான் வெளியில நின்னதைப் பாத்துக்கிட்டுத்தானே போனீங்க?"

தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 16
குழாய் எடுத்து ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துவிட்டார். வாயு ஐம்பத்தெட்டு, பைகார்பனேட் முப்பத்து மூன்று. பார்க்க அழகாயில்லாத எண்கள், அவருக்குச் சரியான எண்கள்.

காலையில் நான் போனபோது தாடியை எடுப்பதா வேண்டாமா என்று இருவருக்கும் சண்டை. அந்தம்மா சிரிப்பது வாசல்வரை கேட்டது. நான் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். "அவரைப் பாருங்க டாக்டர்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.