ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன்

செவ்வாய், இரவு.

இதைப் போய் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் இன்று ஸ்மார்ட் போர்டில் நிலக்கடலைச் செடியின் வேர் முடிச்சு வீடியோ போட்டேன். முடிச்சிலுள்ள பாக்டீரியா செடிக்குத் தழைச்சத்து தருகிறது என்று அதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. வல்லத்திலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் வரும் மீனா கை தூக்கினாள்.

"மிஸ், மல்லாட்டை வேர்லயே சத்து இருக்குதுன்னா, எங்க நைனா இன்னாத்துக்கு யூரியா போடறாரு?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்றே அங்கே நினைக்கிறார்கள். காதில் விழாதவள் போல ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

"டிவியாண்ட கேளுடி, அதான் பாடம் நடத்துது," என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. மீனாவும் சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

மீனா, நாளைக்கு போர்டைப் போடமாட்டேன். எனக்குத் தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்பாயா?