துண்டு போட்டு மூடிய எண்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

கம்பெனி ஜிம்மில் எனக்கு ஓடுவதைவிட எடை தூக்குவதுதான் பிடிக்கிறது. பயமாக இருந்தால் எடையைக் கீழே வைத்துவிடலாம். ஓடும் மெஷினோ இதயத்துடிப்பை எண்ணாகக் காட்டும். அதைத் துண்டு போட்டு மூடிவிடுவேன். நேற்று ஓடும்போது துண்டு நழுவிவிட்டது. எண்ணைப் பார்த்ததும் பதறிக் குதித்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

“பேயைப் பார்த்த மாதிரி ஏன்டா குதிக்கிற?” என்று அறை நண்பன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

யாராவது இங்கே வந்தால் கனமான துண்டு ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது.

அம்மா, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, வலி முதலில் எந்தக் கையில் வந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் மகன்