விமானம் இறங்கும்வரை கூட்டாத வீடு

கதவுக்குப் பின்னால் விளக்குமாறு சாத்தியபடியே இருக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நம் மகள் நேற்றுக் காலை கிளம்பினாள். கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் சென்னைக்கு, அங்கிருந்து டொரண்டோவுக்கு. அவள் பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டுகளும் உதிர்ந்த முடியும் கூடத்தில் கிடக்கின்றன. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பாய். அதனால் கூட்டவில்லை.

அவள் முதன்முறை போனபோதும் நீ இப்படித்தான் குப்பைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாங்க, எப்போ போய்ச் சேருவா? வூட்டக் கூட்டணும்."

கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று தூரத்தைப் பார்த்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, பதினைந்து மணி நேரம் என்றேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை போட்டேன். அதே விடை. நீ நம்பினாய். அந்த நேரம் ஆனதும் வாசல்வரை கூட்டி அள்ளிவிட்டாய்.

போன் வரவில்லை. நீ அழுதுகொண்டே, கொட்டிய குப்பையை முறத்தில் அள்ளிவந்து மறுபடியும் கூடத்தில் பரப்பினாய். தடுக்க எனக்குத் தைரியமில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவள் குரல் கேட்டது. "எறங்கிட்டேம்மா. நடுவுல தோஹாவுல உக்கார வெச்சிட்டாங்க."

நீ என்னைப் பார்த்தாய். "கல்வராயன் மலையேறுற வெள்ளிமலை பஸ்ஸே வழியில டீ குடிக்க நிக்குது. ப்ளேனு நிக்காம போவும்னு எப்பிடிங்க கணக்குப் போட்டீங்க?" கண்ணீரோடு சிரித்தாய். அதன்பின் என்னிடம் நேரம் கேட்டதே இல்லை. அவள் குரல் கேட்ட பிறகுதான் விளக்குமாற்றைத் தொடுவாய்.

அன்று உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தெருமுனைகூடத் திரும்பவில்லை, நம் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. வழக்கம்தான். தப்பென்று சொல்ல நான் யார்? ஆனாலும், நீ இன்னும் போய்ச் சேரவில்லையே என்று ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றியது. கால் தயங்கியது. தம்பி மகன் என் முதுகில் கை வைத்தான். "திரும்பிப் பாக்காதீங்க பெரிப்பா. நடந்துக்கினே இருங்க." நடந்தேன்.

இப்போதுதான் போன் வந்தது.

"அப்பா, எறங்கிட்டேன். சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"வூடு கூட்டினீங்களா?"

"இனிமேதான்."

"கூட்டிடுங்கப்பா" என்றாள். குரல் உன்னுடையதைப் போலவே இருந்தது.

கூடத்தையும் சமையல்கட்டையும் வாசலையும் கூட்டினேன். நீ படுத்திருந்த அறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நீ போன இடம் எவ்வளவு தூரம், நடுவில் உன்னை எங்காவது உட்கார வைத்திருக்கிறார்களா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணக்கை நம்பவும் பயமாக இருக்கிறது.

அந்த அறையை மட்டும் இன்னும் கூட்டவில்லை.