அசைக்காமல் விட்ட எண்

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அடுத்த போனில் நீ என்ன சுகம் ஏது சுகம் என்று குடைவாய், அதனால் உள்ளதையே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, அந்த முழங்கால் புராணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி, மற்றபடி இருவரும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோகிறது, மறக்காவிட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன், இந்தச் செய்திக்கு இரண்டுமே ஆகாது.

நம் லாண்டரியில் வேலைக்குக் குறைவில்லை. ஓட்டல்காரர்கள் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள், இப்போது ஆஸ்பத்திரித் துணியும் சேர்ந்துகொண்டது. பழைய மெஷின் சுற்றும்போது போடுகிற சத்தத்துக்கு அப்பா அதற்கு முனகி என்று பேர் வைத்திருக்கிறார், என்னிடம் பேசுவதைவிட முனகியிடம்தான் அதிகம் பேசுகிறார். பின்பக்கக் காலி இடத்தில் புது ஷெட் போட்டு, இரண்டு பெரிய மெஷினும் நீராவி இஸ்திரியும் வாங்கி, இரண்டு ஷிஃப்ட் ஓட்ட வேண்டும் என்கிற அவருடைய ஆசை உனக்குத் தெரிந்ததுதான், வங்கியில் காட்டுவதற்கு அதற்கான கணக்கைப் போட்டு அனுப்பியவளே நீதானே. அனுப்பிவிட்டு நீ சொன்னதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்கும்மா தெரியும், ஒரே ஒரு விடைய நம்பி எறங்கிடாதீங்க, ஒவ்வொரு எண்ணா ஏத்தி எறக்கிப் பாருங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், எதத் தொட்டா மொத்தமும் ஆடுதோ அங்கதான் ஆபத்து என்றாய். உணர்திறன் பகுப்பாய்வு என்று அதற்கு வாய் வலிக்கிற மாதிரி ஒரு பேரும் சொன்னாய், எனக்கு அது அசைத்துப் பார்க்கிற கணக்கு, அவ்வளவுதான்.

மின்சாரம் நின்று மெஷின்கள் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் உன் கணக்கை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு நான் அசைக்க ஆரம்பித்தேன். ஓட்டல் துணி கால்வாசி குறைந்தால் என்று போட்டேன், லாபம் இளைத்தது, ஆனால் விழவில்லை. தண்ணீர் விலையை ஏற்றினேன், மின்கட்டணத்தை ஏற்றினேன், மெஷின் வந்து சேர ஆறு மாதம் தாமதம் என்றும் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றது. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, பாத்தியா எம்பொண்ணு கணக்க என்று இஸ்திரி போடுகிறவர்கள் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வங்கியில் கடன் கொடுக்கிற அதிகாரி உன் வயதுப் பெண். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள், நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்தாள் உன்னை மாதிரியே, நான் கணக்கைப் பார்க்காமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எல்லாத்தையும் அசைச்சுப் பாத்திருக்கீங்கம்மா, இந்த ஒண்ண மட்டும் ஏன் தொடவே இல்ல என்று கேட்டாள். மகள் வந்து பொறுப்பேற்கும் வருடம் என்று நீ எழுதி, எதிரே மூன்று என்று போட்டிருந்தாயே, அந்த இடத்தில் விரலை வைத்திருந்தாள். அப்பா உடனே, அதுல அசைக்க என்ன இருக்கு, அவ சொல்லிட்டுப் போயிருக்கா, வந்துடுவா என்றார் கொஞ்சம் விறைப்பாகவே. அவள் கோபப்படவில்லை. நானும் எங்க வீட்ல அப்படித்தான் சார் சொல்லிட்டு வந்தேன் என்றாள் திரையைப் பார்த்தபடியே.

பிறகு அவள் மூன்றை ஐந்தாக்கினாள், நீ வரும்வரை இரண்டாவது ஷிஃப்ட் ஓடாது என்பதால் பாதி லாபம் போய்விட்டது. ஏழாக்கினாள், ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் உன்னை அழித்துவிட்டு, சம்பளத்துக்கு ஒரு மேனேஜர், அவர் பார்த்துக்கொள்ள ஒரே ஷிஃப்ட் என்று போட்டாள், பெரிய மெஷின் வாங்கிய கடனைக் கட்டவே வழியில்லாமல் எல்லாம் நஷ்டத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் மின்சாரம் ஓட்டல் எதுவும் சாய்க்க முடியாத திட்டத்தை நீ வராதது சாய்த்துவிட்டது, குட்டி.

எனக்கு முதலில் அந்தப் பெண்மேல் கோபம் வந்தது, பஸ்ஸில் வீடு திரும்பும்போது உன்மேல் வந்தது. உப்பு வாங்கப் போனாலும் நாலு கடையில் விலை கேட்கிறவள் இந்த ஒரு எண்ணை மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. அசைத்துப் பார்க்க உனக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. எனக்கு மட்டும் வந்ததா என்ன, எல்லா எண்ணையும் தொட்ட நான் அதைத் தாண்டித் தாண்டித்தானே போனேன். போகும்போது மூணு வருஷம்தான்மா என்றாய், அந்த மூன்று எப்போதோ முடிந்துவிட்டது, இன்றைக்குக் கேட்டாலும் மூணு வருஷம்தான்மா என்கிறாய், உன் மூன்று மட்டும் தேயவே மாட்டேன் என்கிறது. உன்னைக் குத்திக்காட்டவில்லை, அங்கே உனக்கு வேலை பிடித்திருக்கிறது, அது உன் பேச்சிலேயே தெரிகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷப்பட்டுக்கொண்டே நீ வரும் நாளையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதற்கு நான் என்ன செய்ய.

சின்னதாக ஒரு திட்டம் போட்டேன். புது ஷெட் வேண்டாம், முனகியை அனுப்பிவிட்டு அந்த இடத்திலேயே நடுத்தரமாக ஒரு மெஷின், ஒரே ஷிஃப்ட், நானும் அப்பாவும் முடிகிறவரை பார்த்துக்கொள்வது, அப்புறம் நம்பிக்கையான ஒருவரிடம் குத்தகைக்கு விடுவது. நல்ல காலம் வந்தால் பெரிய திட்டம் தருவதில் பாதிகூட இது தராது. ஆனால் உன் எதிரே எந்த எண்ணைப் போட்டாலும் இது விழவில்லை, எண்ணே போடாவிட்டாலும் விழவில்லை. அப்பாவிடம் சொன்னபோது கத்தினார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். பின்பக்கம் சுண்ணாம்புப் பொடியால் ஷெட்டுக்குக் கோடு போட்டு வைத்திருந்தார், ஒரு மூலையில் தனியாக ஒரு சதுரம், அது உன் அறையாம், மெஷின்கள் எல்லாம் தெரிகிற மாதிரி கண்ணாடி ஜன்னல் வைக்கப்போகிறாராம். அந்தச் சதுரத்துக்குள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்தவர், பெருசா கட்டி வச்சுக்கிட்டு அவள வான்னு சொன்னா அது கூப்பிடறது இல்ல, கழுத்துல கயிறு போட்டு இழுக்கறது, சின்னதுக்கே கையெழுத்துப் போடலாம் என்றார். மறுநாளே போட்டுவிட்டோம். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, கேட்டிருந்தால் நீ வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாய், அந்தப் பதிலை இந்தக் காரணத்துக்காக வாங்க எனக்கு மனசில்லை.

கையெழுத்துப் போட்டதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். மடித்து வைத்த விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு இருந்தது, மெஷின் வருகிறது, ஆள் வேண்டும், உன் தொழில் உனக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது நீ இல்லாமலே எல்லாம் ஓடும்படி நானே செய்துவிட்டேன், இனி உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். பல் டாக்டரிடம் போகிறேன் போகிறேன் என்று தள்ளிப்போடாதே. பதில் எழுதும்போது லாண்டரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, எந்த வருடம் திரும்புவாய் என்றும் எழுதாதே. லீவு எப்போது கிடைக்கும் என்று மட்டும் எழுது, பத்து நாளானாலும் போதும். இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, குட்டி. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா