கைராசி

மார்ச் 4, செவ்வாய்

குழாயைப் பார்க்க வருகிறேன் என்றவர் வரவில்லை. பரணிலிருந்து இறக்கிய கேம் பெட்டியும் கிளம்பவில்லை.

பெட்டி என் கணவருடையது. எங்கள் கல்யாணமான புதிதில் வாங்கினார். அப்போதே கடையில் கொடுத்து உள்ளே ஒரு சிப் வைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க்கும் போட்டு, சி.டி. செருகாமலே எல்லா விளையாட்டும் ஓடும்படி மாற்றிக்கொண்டார். இப்போது அதைத் தேடியதற்குக் காரணம் அவருடைய வலது கை. லேசான பக்கவாதம் வந்து போனதிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் பெண் களிமண் மாதிரி ஒரு பச்சைப் பிசினைப் பிசையச் சொல்கிறாள். "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்று அவர் அதைத் தொடுவதில்லை. சரி, பிடித்த எதையாவது செய்யுங்கள், விரல் அசைந்தால் போதும் என்று அவளே இறங்கி வந்துவிட்டாள்.

அவர் பட்டனை அமுக்கினார். பட்டனைச் சுற்றிப் பச்சையும் சிவப்பும் மாறி மாறி மின்னின. டிவியில் பல மொழிகளில் ஒரே செய்தி: சேவை மையத்தை அணுகவும். அந்த மையத்தை இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. நானும் அமுக்கிப் பார்த்தேன். அதேதான்.

"மெஷின் போச்சு" என்றார். சொல்லும்போது முகம் வாடவில்லை. ஏன்?

18-ஆம் தேதி கம்பெனி டாக்டர் பார்க்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் இரும்புக் கிடங்கில் மறுபடி கிரேன் ஓட்டலாம். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு வெறுத்துப்போய்விட்டது. எனக்கும்தான்.

மார்ச் 6, வியாழன்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் அது. அதன்படியே செய்தேன். பிளக்கை மாற்றினேன். பவர் வயர், டிவி வயர். படுக்கையறை டிவி. மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நான் ஒருமுறை, அவர் ஒருமுறை அமுக்கினோம்.

பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு.

மார்ச் 7, வெள்ளி

சிப் வைத்த கடை இன்னும் இருக்கிறது. கடைக்காரர் போட்டார், உடனே இசை, உடனே விளையாட்டுப் பட்டியல். அணைத்துப் போட்டார். மறுபடி வந்தது. காய்ச்சல் இல்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து போட்டேன். சேவை மையத்தை அணுகவும்.

எங்கள் வீட்டு மின்சாரமா? அப்படியானால் ஃப்ரிட்ஜ் மட்டும் எப்படி ஓடுகிறது? வழியில் குலுங்கியதா? அங்கே போகும்போதும் அதே சாலைதானே?

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. அவர் வந்தால் டிவிக்கு வேலை இல்லை, அவரே பேசிவிடுவார். பெட்டி கதையைச் சொன்னோம்.

"இதுக்கா புருஷனும் பொண்டாட்டியும் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்றபடி, பேச்சைக்கூட நிறுத்தாமல், போகிற போக்கில் பட்டனைத் தொட்டார். இசை வந்தது.

"பாத்தியாடா தம்பி. பட்டுப்போன ரோஜாக்கூட என் கை பட்டா துளிர்க்கும். கைராசி. அது எல்லாருக்கும் வராது."

கடைசி வாக்கியம் எனக்கானது.

பிறகு என் கணவர் கார் பந்தயம் ஆடினார். கார் வலதுபக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. மறுபடியும் அதே சுவர். கன்ட்ரோலரும் போச்சு என்று சொல்லி அணைத்துவிட்டார். நாத்தனார் போன பிறகு நான் அமுக்கினேன். பச்சை, சிவப்பு.

மார்ச் 10, திங்கள்

கைராசி என்று ஒன்று கிடையாது. இதை எழுதி வைக்கக் காரணம், இன்று காலை நாத்தனாரை வரச்சொல்லிப் போன் செய்யலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

மறுபடி கடை. மறுபடி உடனே வந்தது. கன்ட்ரோலரிலும் குறை இல்லையாம். கடைக்காரர் கையில் கார் நேராகத்தான் போனது. இருந்தாலும் மனசு கேட்காமல் வேறொன்றைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் அந்தக் கன்ட்ரோலருக்கும் வேலை வரவில்லை. பெட்டி கிளம்பினால்தானே.

இவரோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெட்டியை மேசையில் வைத்ததும் வந்து அமுக்கினார். பார்த்தார். போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில் ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு இரண்டு பெண்கள் இரண்டு விடை கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருத்தி, சொட்டுச் சொட்டாக விடும் மருந்தில் தண்ணீர் நிறம் மாறியதும் மருந்துக் குழாயைத் திருகி மூடிவிடுகிறாள். இன்னொருத்தியின் கை கொஞ்சம் தாமதிக்கிறது. அதற்குள் கூடுதலாகச் சில சொட்டு விழுந்துவிடுகிறது. தண்ணீர் ஒன்றுதான். கைதான் வேறு.

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. வயர், பிளக், டிவி எல்லாவற்றையும் மாற்றினேன். அமுக்குகிற ஆளை மாற்றவில்லை.

அவர் நடக்கப் போயிருந்தார். நான் வழக்கமாக அமுக்குவதுபோல அமுக்கினேன் — லிஃப்ட் பட்டனைக்கூட, கதவு மூடும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். பச்சை, சிவப்பு. அணைத்துவிட்டு நாத்தனாரைப்போலத் தட்டினேன், அழைப்புமணியைத் தட்டுவதுபோல. இசை. மறுபடி அழுத்திப் பிடித்தேன்: பச்சை, சிவப்பு. தட்டினேன்: இசை. தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது. நான் அழுத்திப் பிடிக்கிறேன், அது என் சுபாவம். அவர் ஏன் பிடிக்கிறார்?

மார்ச் 14, வெள்ளி

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்தக் காலத்துச் சிப்பில் அப்படித்தானாம். தட்டிவிட்டு உடனே விட்டால் சிப் விழிக்கும். அமுக்கிப் பிடித்தால் சிப் தூங்கும். பெட்டி பழையபடி எழுந்து, தனக்குத் தெரியாத ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்து மிரளும். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சாருக்குத் தெரியுமே மேடம். எந்தப் பட்டனும் கூடுதலா வேண்டாம், இதுலயே ரெண்டும் வரணும்னு அவருதானே கேட்டு வச்சுக்கிட்டாரு."

தெரிஞ்சிருக்கு. முதல் நாளே தெரிஞ்சிருக்கு. நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கடைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சப்பவும் தெரிஞ்சிருக்கு. இடது கையால ஒரு தட்டு தட்டியிருந்தா கிளம்பியிருக்கும். அதையும் செய்யல. என்னை அலையவிட்டு அவருக்கு என்ன கிடைச்சது?

இரவுச் சமையல் முடிந்தது. இப்போது கொஞ்சம் நிதானமாக யோசிக்கிறேன். அவர் பெட்டியைச் சோதிக்கவில்லை. தினமும் அந்த வலது விரலைத்தான் சோதித்திருக்கிறார். சுவரில் ஒட்டிய காரும் அதுதான்: காரைத் திருப்பிய வலது விரல் திரும்பி வரவில்லை.

கிரேனை அவர் கீழே நின்று, மேலிருந்து தொங்கும் பட்டன் பெட்டியால்தான் ஓட்டுவார். அமுக்கினால் நகரும். விட்டால் நிற்கும். விட்டால்தான் நிற்கும். இரும்புக் கட்டுக்குக் கீழே எப்போதும் யாராவது இருப்பார்கள்.

டாக்டரிடம் நானே சொல்லிவிடலாமா? சொன்னால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால்? நான் நினைப்பதே தவறாக இருந்தால்?

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் வந்ததும் உற்சாகமாகப் பெட்டியை நோக்கிப் போனார். "இரு அக்கா, இன்னைக்கு நான் போடறேன்" என்றார் இவர். அமுக்கினார். விரல் எழும்புவதற்குள் பச்சை, சிவப்பு. நாத்தனார் கையை நீட்டினார். இவர் அதை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடி அமுக்கினார். அப்புறம் மறுபடி. நாத்தனார் காபி போடுகிறேன் என்று போய்விட்டார். அவர் எங்கள் சமையலறைக்குள் தானாகப் போனது இதுவே முதல் தடவை.

தட்டிவிட்டு உடனே விட வேண்டும், தெரியும்தானே என்று கேட்டேன். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கிறது வருது. விடறதுதான் வரமாட்டேங்குது."

பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?"

"தெரியல" என்றேன். அது பொய் இல்லை.

மார்ச் 17, திங்கள்

இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டோம். குழாயைப் பற்றி.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் வயதில் சின்னவர், கலகலப்பானவர். கையைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "போதும் சார், விடுங்க, இந்தக் கையை வச்சுத்தான் நான் பொழைக்கணும்" என்று சிரித்தார். பிடி அருமையாக இருக்கிறதாம். பேனாவைத் திறந்தார்.

என் மடியில் இருந்த பையின் வாரை நான் முறுக்கிக்கொண்டிருந்தேன். வாய்வரைக்கும் வந்தது. என்ன சொல்வது, எங்கே தொடங்குவது, கேம் பெட்டியிலிருந்தா?

"டாக்டர்" என்றார் இவர். "விடுங்கன்னு சொன்னீங்களே. எப்ப விட்டேன்னு பாத்தீங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை.

"இன்னொரு தடவை விரலைக் குடுங்க. பிடியைப் பாக்காதீங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு விரலை நீட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா, போய்விட்டதா, தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

கிடங்கில் இப்போதைக்கு அவருக்கு வாசலில் லாரி பார்த்து அனுப்பும் வேலை. நாற்காலி சரியில்லை, கூரை தகரம், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று தினமும் ஒரு குறை. நேற்று அலமாரியில் பச்சைப் பிசினைப் பார்த்தேன்; மேலெல்லாம் விரல் தடம்.

இன்று எனக்கு அரைநாள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இசை கேட்டது. நாத்தனார் வந்திருக்கிறார் என்று நினைத்து, முகத்தைத் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன்.

நாத்தனார் இல்லை. இவர் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். கார் சுவரில் உரசி, விலகி, மறுபடி உரசிப் போய்க்கொண்டிருந்தது. இடது கை தலையணைக்கு அடியில் இருந்தது; ஆடிக்கொண்டிருந்தது வலது கை மட்டும்.

காபி வேண்டுமா என்று கேட்டேன். இந்தச் சுற்று முடியட்டும் என்றார்.