சத்தம் கேட்காத செருப்பு

12 செப்டம்பர் 1994, திங்கள்

மதியம் தாம்பரம் கம்ப்யூட்டர் சென்டரில் மாணவர்கள் யாரும் வரவில்லை. நானும் கூட வேலை பார்க்கும் சுமதியும் கம்ப்யூட்டரில் ஒரு குகை விளையாட்டைத் திறந்தோம். விளையாட்டில் என் பை நிறைந்துவிட்டதால், நடந்தால் சத்தம் கேட்காத மாயச் செருப்பை விட்டுவிட்டு இரும்புக் கவசத்தை எடுத்துக்கொண்டேன். அரை மணி கழித்து, கவசத்தின் சத்தத்தில் டிராகன் விழித்துக்கொண்டது. செத்தேன்.

"அந்தச் செருப்பை விட்டுட்டு வந்தது தப்பும்மா."

முதுகுக்குப் பின்னால் முதலாளி. வெறுங்காலோடு நின்றிருந்தார். தூசி வரும், செருப்பை வெளியே கழற்றுங்கள் என்று வாசலில் போர்டு எழுதி மாட்டியவளே நான்தான்.

வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். செருப்பை விட்டதையே பார்த்திருக்கிறார் என்றால் அரை மணியும் அங்கேதான் நின்றிருக்கிறார். அந்த அரை மணியில்தான் சுமதிக்கு அவரைப் போலப் பேசிக் காட்டினேன்.