எட்டடிப் பாதை

தெரணியகலை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரோஷானிக்கு,

அம்மா மரியாயி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் ஒரு குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறது. நீயும் துபாயில் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று போன ஞாயிறு பூசையில் ஒரு மெழுகுதிரி கூடுதலாகவே ஏற்றி வைத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான். நம் தோட்டத்து லய வீட்டுக் கன்னையாவின் மகள் தனுஜா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். கூட ஒரு போத்தல் நெத்தலிச் சம்பலும் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் திற, இல்லாவிட்டால் தாளெல்லாம் எண்ணெயாகிவிடும்.

நாம் வாங்கித் திருத்தின கீழ் ரோட்டு வீடு ஏன் இன்னும் விற்கவில்லை என்று நாலு மாதமாகக் கேட்கிறாய். பார்ட்டி வருகிறது, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அது பாதிப் பொய். பார்ட்டி வந்தது உண்மை, டவுன் பாடசாலையில் படிப்பிக்கிற சிங்கள டீச்சர் ஒருவர், குசினி ஜன்னலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே விலை பேசி முடித்தார். பிறகு பேங்கில் கடன் கேட்டபோது அவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைப் படித்துவிட்டு, இந்த வீட்டுக்குப் பாதை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். உறுதியில் வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, நாலு பக்கத்து எல்லையும் இருக்கிறது, மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறி வருகிற பாதை மட்டும் இல்லை. அது பக்கத்து வீட்டு சுமைரா ராத்தாவின் காணியாம். பாதை இல்லாத வீட்டுக்குக் கடன் கிடையாது என்றுவிட்டார்கள்.

குற்றம் என்னுடையதுதான் மகள். வீடு பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு கொழுப்பு. எஹலியகொட வீட்டை வாங்கித் திருத்தி விற்றபோது அம்மாதான் இஞ்சினியர் என்று நீயும் சொல்லிவிட்டாய், கேட்க வேண்டுமா. லயத்துக் கூரைக்குக் கீழே முப்பத்து நாலு வருடம் வாளி வைத்தவளுக்கு ஒழுக்குத் தெரியாதா. இந்த வீட்டையும் வெயிலில் பார்க்க மாட்டேன் என்று அடித்துச் சொல்லி, நல்ல அடைமழை நாளில் போய், தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, எது நனைகிறது என்று ரெண்டு மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். பின்பக்கம் மண் சரியுமா, கான் வாய்க்கால் தண்ணீரை இழுக்குமா என்று ஒரு கம்பை எடுத்துக் குத்திக் குத்திப் பார்த்தேன். பாதை யாருடையது என்று கேட்கத் தோன்றவே இல்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பாதை என்றால் நடக்கிறது, அவ்வளவுதான். மலைக்கும் பெக்டரிக்கும் கோயிலுக்கும் இத்தனை காலம் நடந்தோமே, எந்தப் பாதையிலாவது ஒருவர் வந்து இது என்னுடையது என்று நின்றிருக்கிறாரா. விற்றவனும் வாயைத் திறக்கவில்லை. மலிவாகக் கிடைத்ததே என்று நாம் மூன்று பேரும் சந்தோசப்பட்டோம், ஏன் மலிவு என்று இப்போதுதான் தெரிகிறது. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள் விற்றுப் பார் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்.

அதற்கு மேல் உன் அப்பா ஒரு வேலை செய்தார். என்னிடம் சொல்லாமல் பெக்டரியில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு லோயரைப் பிடித்து சுமைரா ராத்தாவுக்கு, பாதை எங்களுக்குச் சேர வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். மறுநாளே அந்த மனுசி பாதை வாயில் ரெண்டு கொங்கிரீட் தூணை நட்டுவிட்டார், ஒரு ஆள் நடக்கலாம், திரீவீல் போகாது. நான் அப்பாவைப் பேசின பேச்சை இங்கே எழுதினால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும், விடு.

இனித்தான் நான் சொல்ல வந்தது. போன மாதம் நீ சந்தோசமாகச் சொன்னாய், அடுத்த மாதம் முப்பதாம் திகதியோடு ஹோட்டல் ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக் காசு வந்துவிட்டால் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரேயடியாக வந்துவிடுவேன், இந்த மழை ஊரில் உடுப்பு காய வைக்கிற மெசின் ரெண்டு போட்டு லோண்டரி தொடங்குவேன் என்று. அப்போது தூண் நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. “இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டா என்ன மகள், நல்ல சம்பளந்தானே” என்று சொல்லிவிட்டேன். நீ “சரிம்மா” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அம்மாவுக்குக் காசு ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். ஐந்து வருடமாக ஊரார் படுக்கை விரிப்பைத் துவைத்து அனுப்பின பிள்ளையிடம் என் பிழையை மறைக்க அப்படிச் சொன்னேனே என்று அன்றைக்கிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கேட்டார், நான் வயிறு சரியில்லை என்றேன்.

பிறகு ஒருநாள் லோயரும் வேண்டாம் ஒருத்தரும் வேண்டாம் என்று நானே சுமைரா ராத்தா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் நான் அழுதுவிட்டேன். உன்னைப் பற்றி, ஒப்பந்தத்தைப் பற்றி, நான் போனில் சொன்னதைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த மனுசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாங்குற நேரம் பாதை யாருடையதுன்னு நெசமாவே கேக்கலியா” என்றார். “தோட்டத்துல பாதைக்கு ஆளு இல்லீங்களே ராத்தா, எங்களுக்கு எங்க தெரியும்” என்றேன். அதற்கு அவர் சிரித்துவிட்டார். வீட்டை நமக்கு விற்றவன் லொறியைப் பின்னுக்கு எடுத்து அவருடைய மதிலை இடித்துவிட்டு, கட்டியும் தராமல் ஏசிவிட்டுப் போனானாம், அந்தக் கோபம். “நீங்களும் லொறியில சாமான் கொண்டு வந்திருந்தா அன்னைக்கே மறிச்சிருப்பேன். புருசனும் பொஞ்சாதியுமா மணலையும் சீமெந்தையும் தலையில சுமந்துட்டுப் போறீங்க, அத எப்படி மறிக்கிறது” என்றார். லொறிக் கூலியை மிச்சம் பிடிக்க நாங்கள் சுமந்தோம் மகள், அந்த மனுசி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பாவின் முழங்கால் வலி அப்போது வந்ததுதான், ஆனால் வீண் போகவில்லை.

இடிந்த மதிலை நாங்கள் கட்டித் தருகிறோம் என்றேன். அப்பாவும் நம் மேசன் ரெஜினோல்ட் பாஸும் ரெண்டு சனிக்கிழமையில் கட்டி முடித்தார்கள், அப்பா ஒரு கல் வைக்கிறதும் ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்கிறதுமாக இருந்தார். ராத்தாவும் பாதையை எழுதித் தரச் சம்மதித்தார், இந்தப் புதன்கிழமை உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். அவர் பத்தடி அகலம் என்று எழுதப் போக, சுமைரா ராத்தா நிறுத்தி, எட்டடி போதும், திரீவீலும் வேனும் வரட்டும், லொறி இனி வரக் கூடாது என்றார். டீச்சருக்கும் அதுவே சந்தோசம். யாருக்கு என்று எழுத என்று நொத்தாரிசு கேட்டார், அந்த வீட்டில் எப்போதும் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு என்று ராத்தாவே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தூண் ரெண்டையும் நேற்றுப் பிடுங்கியாயிற்று. டீச்சரின் பேங்கும் சம்மதித்துவிட்டது, வருகிற மாதம் பத்தாம் திகதி வீட்டை அவர் பேருக்கு எழுதுகிறோம். உடனே உனக்குப் போன் பண்ணச் சொல்லி அப்பா நச்சரித்தார். நல்ல சேதியை மட்டும் சொல்லிவிட்டுப் பிழையை முழுங்க எனக்கு மனமில்லை, அதனால்தான் இதை முழுதாக எழுதினேன்.

இனி அடுத்த வீடு வாங்குகிற நேரம் முதலில் பாதை, பிறகு உறுதி, மூன்றாவதுதான் மழை என்று ரெண்டு பேரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, லோண்டரிச் சூட்டிலிருந்து வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றாதே, தனுஜாவைப் பார்த்துக்கொள். ஆண்டவரும் மாதாவும் உன் காலடிக்கு முன்னால் நடக்கட்டும். நான் அன்றைக்குச் சொன்னது உன் நன்மைக்காக இல்லை, என் வெட்கத்துக்காகச் சொன்னது, அதை மன்னித்து மறந்துவிடு. முப்பதாம் திகதி அந்தப் பேப்பரை நீட்டினால் கையெழுத்துப் போடாதே, அம்மா வரச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நத்தாருக்கு வந்துவிடு. கடிதம் படித்ததும் போன் எடுத்து, அன்றைக்குச் சொன்ன அதே “சரிம்மா”வை இன்னொரு தடவை சொல்லு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா மரியாயி
(பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கும் அப்பா அந்தனியும்)